சவுக்காரத்துக்குச் சொன்ன சத்தியம்

1954 மார்ச் 6, சனி

இன்று காலையும் சோப்புக் கம்பெனி ஸ்டோர் முன்னால் வரிசையாக நின்றோம். அந்த வாரம் ஆகக் குறைவாக விற்றவன் வெறும் சவுக்காரப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு "நான் சோம்பேறி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மனேஜர் பெர்னாண்டோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த சீர்வரிசை இது. இந்த முறையும் பளீல்தான். சின்ன வயதுக் கூட்டாளி. ஒரே வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊரூராகப் போகிறவர்கள் நாங்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அடுத்த பெட்டி எனக்கு.

மார்ச் 17

மருதமுனையில் ஒரு பெண் வாங்கிய கட்டியை வேலிக்கு மேலால் வீசினா. சவுக்காரத்தில் பன்றிக் கொழுப்பாம். சாய்ந்தமருதிலும் அதே கதை.

மார்ச் 18

மனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "உங்கட ஆக்கள் உங்கட வாயத்தான் நம்புவாங்க. வல்லாஹி எண்டு மைக்கில சொல்லுங்க."

"என்ன கொழுப்பு சேர்?" என்று கேட்டேன்.

"தனித் தேங்காயெண்ணெய். எனக்குத் தெரியும் ஹஸன்."

பளீல் மாட்டேன் என்றுவிட்டான். "நாம காணாத ஒண்டுக்கு அல்லாஹ்ட பேரால சத்தியம் பண்ண ஏலா." அந்த இடத்திலேயே அவனை வேலையால் நிறுத்தினார். போகும்போது என்னைப் பார்த்தான். நான் மைக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 21

சொல்லிவிட்டேன். "வல்லாஹி, இது தேங்காயெண்ணெய்தான். என்ட வீட்டிலயும் இதுதான்." சனம் வேனை மொய்த்தது. மனேஜர் தோளில் தட்டி, கல்முனை ஏஜென்சி எனக்குத்தான் என்றார். வீட்டுக்கு வரும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஏன் பொய் சொல்ல?

ஏப்ரல் 8

சவுக்காரம் எங்கே காய்ச்சுகிறார்கள் என்று அக்கரைப்பற்றுக் கடைக்காரர் கேட்டதை மனேஜரிடம் சொன்னேன். சிரித்தார். "எனக்கென்ன தெரியும்? கொழும்பு அனுப்புது, நாம விக்கிறம்."

"தேங்காயெண்ணெய் எண்டீங்களே சேர்?"

"அண்டைக்கு உங்களுக்கு ஒரு பதில் தேவப்பட்டிச்சு. தந்தன்."

பன்றி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தெரியாதாம்! இந்தத் தெரியாததுக்கா நான் அல்லாஹ்வை இழுத்தேன்?

ஏப்ரல் 9, வெள்ளி

வேலையை விட்டேன். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் எழுந்து நின்று சொன்னேன்: தெரியாத ஒண்டுக்குச் சத்தியம் பண்ணிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்க. ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ஏப்ரல் 10

நான் இருப்பது என் மனைவி மைமூனாவுக்குச் சீதனமாக வந்த வீடு, மாமியும் எங்களோடுதான். பன்றி பட்டதை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரில். விடியத் தொடங்கி மாமி கிணற்றடியில் குந்தியிருந்து, தான் தொழுகிற புடவைக்கு மண் கரைத்தா.

"சந்தேகம்தானே மாமி" என்றேன்.

"ஓம் மகன், சந்தேகம்தான். நீங்க சொல்லாட்டி வாங்கியிருக்க மாட்டமே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பக்கத்து வளவிலும், அதற்கு அப்பாலும், கிணற்றுக்குக் கிணறு வாளிச் சத்தம். காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் கிடந்து அழுதேன்.

ஏப்ரல் 14

பளீல் வீட்டுக்குப் போனேன். சாகாமத்தில் வயல் வேலைக்குப் போகிறானாம். படலையைத் திறக்கவில்லை. "உன்னில கோவமில்ல மச்சான். ஆனா முந்தி மாதிரி இரிக்க ஏலா."

ஏப்ரல் 22

வேலை இல்லை. கதைக்கவும் ஆளில்லை.

மே 3

நோன்புப் பிறை பார்க்க எல்லாரும் வயல்வெளிப் பக்கம் போனோம். தென்னைக்கும் மேகத்துக்கும் நடுவில், நகக் கீறல் போல, கண்டேன். கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் கண்டேன். பிறகு மேகம் மூடிவிட்டது.

ஓடிப்போய்ப் பள்ளிவாசல் கதீபிடம் சொன்னேன். நம்பத்தகுந்த ஒருவன் கண்டதாகச் சொன்னாலே போதும். போன வருஷம் றஸாக் காக்கா ஒருவர் மட்டும் சொல்லித்தான் ஊரே நோன்பு பிடித்தது. கதீப் என்னைப் பார்க்காமல் சனத்தைப் பார்த்துக் கேட்டார்: "வேற ஆரும் கண்டீங்களா?"

ஒருவரும் கண்டிருக்கவில்லை. நாளைக்கு நோன்பில்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

ஊருக்கு இல்லாவிட்டாலும், கண்டவனுக்கும் அவன் சொல்லை நம்புகிறவர்களுக்கும் நோன்பு கடமை. நான் பிடிக்கத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்து மைமூனாவிடம் பிறை கண்டதைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள். விடியற்காலைச் சாப்பாட்டுக்கு ஒருவருக்கு அளவாகச் சோறு எடுத்து மூடி வைத்தாள்.