புரட்டாசியில் எடுத்த தொக்கம்

இராஜபாளையம்
15.10.1991

அன்பு மகன் சௌந்தரபாண்டியனுக்கு அம்மா எழுதுவது. பெருமாள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டில் குறையில்லை. மனசும் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் பொய்யாகிவிடும், புரட்டாசி முடிவதற்குள் பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஜம்முவில் குளிர் தொடங்கியிருக்கும், போன வருடம் போல ஈரக் காலுறையோடு படுத்துத் தூங்காதே, உன் நெஞ்சுச் சளி எனக்குத் தெரியும். இங்கே மலைப்பக்கம் நல்ல மழை. அப்பாவுக்கு மில்லில் பகல் ஷிப்ட் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அதனால் சாயங்காலம் வீட்டில் இருக்கிறார், இருந்தும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதையெல்லாம் விடு. வழக்கமாக உன் பெண்டாட்டி பரிபூரணம்தான் உனக்கு எழுதுவாள், இந்தத் தடவை நான் எழுதுகிறேன், ஏனென்றால் நீ வேண்டாம் என்று சொன்ன காரியத்தை நான் செய்யப் போகிறேன். வருகிற வியாழக்கிழமை காலை ரயிலில் உன் மகள் செண்பகத்தை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய், டீச்சர் சொன்ன குழந்தைகள் டாக்டரம்மாவிடம் காட்டப் போகிறோம், நானும் உன் பெண்டாட்டியும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நாங்கள் போய்த் திரும்பியிருப்போம். நாம் தடுக்க முடியாதபடி பார்த்து எழுதியிருக்கிறாளே அம்மா என்று நினைப்பாய், அப்படிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று சொல்கிறேன், நீ லீவில் வரும்போது ஒரு மாதம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போகிறாய், அவளுடைய ஒரு பகல் எப்படிப் போகிறது என்று உனக்குத் தெரியாது. ஏழு வயது முடிந்துவிட்டது, சட்டைப் பட்டனை அவளால் போட முடியவில்லை. ஓட்டைக்கு நேராக வைத்து அழுத்துகிறாள், அது நழுவுகிறது, மறுபடியும் வைக்கிறாள், பள்ளிக்கூட மணி அடித்துவிடுகிறது. செருப்பை எந்தக் காலில் போடுவது என்று தினமும் நின்று யோசிக்கிறாள். டம்ளர் தண்ணீரை அடுப்பங்கரையிலிருந்து வாசலுக்குக் கொண்டுவந்தால் பாதி தரையில் இருக்கும். தெருவில் பிள்ளைகள் பாண்டி ஆடும்போது ஒற்றைக் காலில் நிற்க வராமல் விழுந்துவிட்டு, இவளாகவே நான் காய் எடுத்துத் தாரேன் என்று ஓரமாக நின்றுகொள்கிறாள். எழுத்து ஒன்று பூசணிக்காய் அளவு, பக்கத்து எழுத்து கடுகு அளவு. அதே பிள்ளை வாயால் கேட்டால் பதினாறாம் வாய்ப்பாடு வரை சொல்கிறாள், நம் ஊர் டவுன் பஸ் எது எந்தத் தெரு வழியாகப் போகும் என்று கண்டக்டருக்கே சொல்லிக்கொடுப்பாள். இதுதான் வினையாகப் போயிற்று. பேச்சு இம்புட்டு இருக்கு, கை வரலையாம், எல்லாம் திமிரு என்று ஆளுக்கு ஆள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். போன வருடம் ஒரு டீச்சர் ஸ்கேலைத் திருப்பி வைத்து விரல் முட்டியில் அடித்ததில் வீங்கிப் போய் வந்தாள், கேட்கப் போனால் எழுத்து அழகா வரட்டும்னுதான் ஆச்சி என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நானும் அவசரப்படவில்லை. சில பிள்ளைகளுக்கு எதுவும் தாமதமாக வரும், அதற்காக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை என்றுதான் ஒரு வருடம் பொறுத்தேன். பேச வரத் தாமதமான பிள்ளைகளையும் பல் முளைக்காத பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன், எல்லாம் தானாக வந்தது. ஆனால் எதிர்வீட்டுப் பிள்ளை இவளைவிட இரண்டு வயது சின்னது, போன தீபாவளிக்கு இவளிடம்தான் ஜட்டி மாட்டச் சொல்லி வரும், இந்த வருடம் அது இவளுக்கு ரிப்பன் கட்டிவிடுகிறது. இவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். இப்போது இருக்கிற சீனியம்மாள் டீச்சர் அடிக்கிறவள் இல்லை. அவள்தான் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு அறிவுல ஒண்ணும் கொறை இல்ல ஆச்சி, கைக்கும் கண்ணுக்கும் ஒத்து வரமாட்டேங்குது, நாங்க சொல்லிச் சொல்லிப் பாத்துட்டோம், மதுரையில இதுக்குன்னு பாக்குறவங்க இருக்காங்க, ஒண்ணுமில்லைன்னு சொன்னா சந்தோசமா திரும்பி வாங்க, ஏதாச்சும் இருந்தா என்ன செய்யணும்னு சொல்லுவாங்க என்றாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. உனக்குப் படவில்லை, அப்பாவுக்கும் படவில்லை, பய பொங்கலுக்கு வரட்டும் என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நீயும் வேண்டாம் என்று எழுதியதும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உன் அத்தை வேலுத்தாய் புகுந்துவிட்டாள்.

போன சனிக்கிழமை புரட்டாசிக் கடைசிச் சனி. அப்பாவோடு எல்லோருமாக ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைக்குப் போய் மலை ஏறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு, மத்தியானம் உன் அத்தை வீட்டில் சாப்பிட்டோம். சாப்பிட்டதும் அவள், வாங்க மதினி, மடவார் வளாகத்துச் சிவன் கோயில்ல சாமி கும்பிட்டு வந்துருவோம், பிள்ளையையும் கூட்டியாங்க என்றாள். அப்பாவை அங்கேயே படுக்க விட்டுவிட்டு நானும் நம்பி நடந்தேன். கோபுரத்து வாசல் வந்தது, அவள் நிற்கவில்லை. வைத்தியன் என்று பெயர் வைத்துக்கொண்டு சாமி உட்கார்ந்திருக்கிற கோயிலைத் தாண்டி, பின்னால் ஒரு சந்துக்குள் கூட்டிப் போனாள். அங்கே ஒரு பொம்பளை தொக்கம் எடுக்கிறவள். உனக்குத் தெரியும், தின்றது ஏதோ குடலில் சிக்கிக் கிடக்கிறது என்று சொல்லி வயிற்றில் வாயை வைத்து உறிஞ்சித் துப்பிக் காட்டுவார்களே, அதுதான். நான் எதற்கு என்று கேட்டதற்கு உன் அத்தை, உள்ள ஏதோ மாட்டிக்கிட்டுத்தான் பிள்ளைக்குக் கையும் காலும் மந்தமா இருக்கு மதினி, எடுத்துட்டா மறுநாளே பட்டன் போடுவா, டாக்டர்ட்ட போனியன்னா பேப்பர்ல எழுதிருவான், நாளைக்குச் சம்பந்தம் பேசையில அந்தப் பேப்பரு முன்னால வந்து நிக்கும் என்றாள். பால் பல் விழுந்து இன்னும் பல் முளைக்காத பிள்ளைக்கு இவள் மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டி வந்து உட்காரவைத்துப் பேசுகிறாள். பரிபூரணத்தைப் பார்த்தேன், அவள் தலையைக் குனிந்துகொண்டாள், அவளிடம் முன்னமே பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார்கள். பாவம், டாக்டரிடம் போகத்தான் புருசன் வேண்டாம் என்கிறான், இதைச் செய்யவாவது ஒருத்தர் சொல்கிறார்களே என்று அவளுக்கு இருந்திருக்கிறது.

நடந்ததை உனக்கு எழுதத்தான் வேண்டும், எழுதும்போதே வாயில் எச்சில் ஊறி வருகிறது, துப்பிவிட்டு வந்து எழுதுகிறேன். அந்தப் பொம்பளை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பிள்ளையின் பாவாடையை இறக்கிவிட்டு, அந்த வாயைக் கொண்டுபோய்த் தொப்புளில் வைத்து உறிஞ்சினாள். உன் அத்தை இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிள்ளை கண்ணை இறுக்கி மூடியிருந்தாள், கத்தவில்லை. உறிஞ்சிவிட்டு அவள் வாழையிலைத் துண்டில் துப்பினாள், வெற்றிலைச் சாற்றோடு ஒரு சதைத் துண்டு விழுந்தது, ஆட்டுக்கறி, ஓரத்தில் ஜவ்வோடு. பாத்தியளா மதினி, இதுதான் கையை எழும்ப விடாம அழுத்திக்கிட்டுக் கெடந்துருக்கு என்று உன் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அந்த இலையைப் பார்த்தேன். நம் வீட்டில் எது வாங்கினாலும் என் கணக்கில் ஏறாமல் அடுப்புக்குப் போகாது. ஆவணி முடியும்போதே கறிச்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பரணில் கவிழ்த்தாயிற்று, அன்றைக்கு நாலாவது சனி. இம்புட்டு நாளாக எங்கள் வீட்டில் யார் வாயிலும் கவிச்சி படவில்லையே, இது எந்த ஆட்டுக்கறி என்று கேட்டேன். அந்தப் பொம்பளை கண்ணைக்கூடச் சிமிட்டாமல், ஆடி மாசம் தின்னது ஆச்சி, குடல்ல ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுச்சு என்றாள். ஆடிக் கறி ஐப்பசி வரப்போற நேரத்துல இப்படிச் சிவப்பா இருக்குன்னா எங்க பிள்ளை வயித்துல ஐஸ் பெட்டியா இருக்கு என்றேன். சந்தில் நின்றிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் முந்தானையை நனைத்துப் பிள்ளையின் வயிற்றைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன் அத்தை கட்டிக் கொடுத்த பால்கோவாவை நான் தொடவில்லை.

இதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்று இருந்திருப்பேன். அந்தப் பொம்பளை கன்னத்துக் கொடுப்புக்குள் கறியை அடக்கி வைத்திருந்தாள் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும், நம் குடும்பத்தாருக்கு விளங்கவில்லை. அவர்களுக்கு விளங்கியது என்ன தெரியுமா, புரட்டாசியில் யாரோ பிள்ளைக்குத் திருட்டுத்தனமாகக் கறி கொடுத்திருக்கிறார்கள், விரதம் கெட்டுப் போயிற்று, பெருமாள் குற்றம் வந்துவிட்டது. உன் அத்தை பஸ் ஏற்றிவிட வந்தவள் அப்பா காதில் இதை ஓதிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா பரிபூரணத்தை நிற்கவைத்து, ஏத்தா, உங்க ஆத்தா வீட்டுக்குப் போனியே, அங்க பிள்ளைக்கு ஏதும் கறி ஊட்டுனியா, உள்ளதச் சொல்லிரு என்று கேட்டார். மாசக்கணக்கில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுசன் பேசிய பேச்சு இது. அவள் நடுவீட்டில் உட்கார்ந்து, சாமி சத்தியமா இல்ல மாமா, சாமி சத்தியமா இல்ல மாமா என்று அழுதாள். கறி இவ வயித்துலயும் இல்ல, இவ ஆத்தா வீட்டுலயும் இல்ல, அந்தப் பொம்பளை வாயில இருந்துச்சு, ஒங்க தங்கச்சிக்குத்தான் கண்ணு இல்ல, ஒங்களுக்குமா இல்ல என்று கேட்டேன். அப்பாவிடம் நான் குரல் உயர்த்தியது உனக்கே ஆச்சரியமாக இருக்கும், எனக்கும் இருந்தது. நான் தினமும் பெருமாள் முன்னால் திருமண் வாசனையில் நிற்கிறவள், எந்தச் சாமியும் ஏழு வயதுப் பிள்ளையின் பட்டனைப் பிடித்து வைத்துக்கொண்டு பழி வாங்காது. இவர்கள் தங்கள் வெட்கத்துக்குப் பெருமாள் பெயரைச் சொல்கிறார்கள், அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தால் செண்பகம் பள்ளிக்கூடச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லையே என்றால், தெரியும் ஆச்சி என்கிறாள். முதல் பட்டனைப் பிடித்து ஓட்டையில் அழுத்திக்கொண்டே இருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பி, ஆச்சி, உள்ள இன்னும் கொஞ்சம் கெடக்கு போல, இன்னொரு வாட்டி உறிஞ்சச் சொல்லுவமா, நான் அழ மாட்டேன் என்றாள். அந்த நாற்ற வாயிடம் தானாகவே திரும்பிப் போகிறேன் என்று சொல்கிற பிள்ளையைத்தான் எல்லோருமாகச் சேர்ந்து திமிர் பிடித்தவள் என்கிறோம். இவளுக்கு முடியாமல்தான் இருக்கிறது, செய்ய மனமில்லாமல் இல்லை, இதைத் தெரிந்துகொள்ள எனக்கு டாக்டர் வேண்டியதில்லை. ஏன் முடியவில்லை, என்ன செய்தால் முடியும் என்று தெரிந்துகொள்ளத்தான் டாக்டர் வேண்டும். ஒன்றும் இல்லை என்று அந்த அம்மா சொன்னால் தீபாவளிக்கு முன்னாலேயே எனக்குத் தீபாவளி. ஏதாவது பெயர் சொன்னால் சொல்லட்டும், இப்போது மட்டும் பெயர் இல்லாமலா இருக்கிறாள், சோம்பேறி, மந்தி, விளங்காதவள் என்று தெரு முழுக்க வைத்திருக்கிறார்களே, அவர்களில் யார் டாக்டருக்குப் படித்தவர்கள். பரிபூரணத்திடம் வியாழக்கிழமை போகிறோம் என்றேன், அவிய வேண்டாம்னு எழுதியிருக்காவளே அத்தை என்றாள், அவன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன், நீ பிள்ளைக்குத் தலை சீவி வை என்றேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்திருந்தால் நீயும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாய்.

இனி உன்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பெற்றவள் என்ற முறையில் பொறுத்துக்கொள். உன் கடிதம் வந்தால் நம் வீட்டில் என்ன வழக்கம் என்று உனக்கே தெரியும், சாயங்காலம் விளக்கேற்றியதும் பரிபூரணம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பாள், செண்பகம் அவள் முழங்காலில் சாய்ந்துகொண்டு அப்பா என்ன எழுதியிருக்காவ என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். போன மாதக் கடிதத்தையும் அப்படித்தான் வாசித்தாள். என் மகளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதீர்கள், அந்தச் சோம்பேறிக் கழுதைக்கு இரண்டு அடி போட்டால் எல்லாம் தானாக வரும் என்று நீ எழுதியிருந்தாய். பரிபூரணம் பாதியில் உணர்ந்து நிறுத்துவதற்குள் வாய் அதைச் சொல்லிவிட்டது. பிள்ளை எழுந்து போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். ஊரார் சொன்னது எனக்கு எரிச்சல், உன் அத்தை செய்தது எனக்குக் குமட்டல், நீ எழுதியதைக் கேட்டபோது என் வயிற்றில் பிறந்தவன் கையெழுத்தா இது என்று இருந்தது. அங்கே உனக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும், பயத்தில் எழுதியிருப்பாய், தூரத்தில் இருப்பவனுக்குப் பயம் கோபமாகத்தான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பிள்ளைக்கு அதை யார் சொல்வது.

டாக்டரம்மா என்ன சொன்னார் என்று திரும்பி வந்ததும் பரிபூரணம் எழுதுவாள். உனக்கும் உன்னோடு காவல் நிற்கிற பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் பெருமாளும் தாயாரும் துணை நிற்கட்டும், தீர்க்காயுசாக இரு. வேளைக்குச் சாப்பிடு, கோபத்தில் இருக்கும்போது பேனாவை எடுக்காதே. இதற்கு எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. செண்பகத்தின் பெயருக்கு எழுது, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது, அவளே எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். அதையும் விளக்கேற்றியதும் எல்லோருக்கும் கேட்கத்தான் வாசிக்கச் சொல்வேன், அதை மனதில் வைத்து எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
ஐ. அழகுத்தாய்