மிச்சம் வாங்காத மனுஷருக்கு

கடலை வறுக்கிற வாசனை புந்தோங் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்து என்னை இழுத்துக்கொண்டு போனது. நாளை உங்களுக்கு வருஷத் திதி. படையலில் காரக்கடலை இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்களே என்று வாங்கப் போனேன்.

ஆறு வெள்ளிக்குக் கடலை. பத்து வெள்ளி நோட்டை நீட்டினேன். கடைக்காரத் தம்பி சிரித்துக்கொண்டே அதைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினான். அவன் மேல் தப்பில்லை. நம் வீட்டுக்கு மிச்சம் கொடுத்து அவனுக்குப் பழக்கமே கிடையாது.

நீங்கள் இருந்தபோது கடை வாசலில் லாரியை ஓரம் கட்டிவிட்டு இறங்குவீர்கள். "மிச்சத்த நீயே வெச்சிக்க லா தம்பி!" மீன் கடையிலும் அதே, டீக்கடையிலும் அதே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நீங்க என்ன பெரிய தவுக்கேயா, மொதலாளியா?" என்பேன்.

"எஸ்டேட் கடையில எங்கப்பா கடன் கேட்டுக் கைய கட்டி நின்னத பாத்தவன் நான். என்னைப் பாத்தா கடைக்காரன் சிரிக்கணும், அவ்ளோதான்" என்பீர்கள்.

சிரித்தார்கள், வாஸ்தவம். உங்கள் சாவுக்குக் கடையை அடைத்துவிட்டு வந்தார்கள். ஆனால் அதற்கப்புறம் எனக்கும் யாரும் மிச்சம் தருவதில்லை. கேட்டால் உங்கள் பேர் கெட்டுப்போகுமே என்று நானும் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவேன். போன மாதம் மீன் வாங்கிவிட்டு, பஸ்ஸுக்குக் காசில்லாமல் வெயிலில் வீடு வரைக்கும் நடந்தேன். முட்டி வீங்கிப் படுத்துவிட்டேன். நீங்கள் தாராளம் பண்ணியதற்கு நான் நடக்கிறேன். அலுத்துப் போச்சுங்க.

இன்றைக்கு நகராமல் நின்றேன்.

"தம்பி, மிச்சம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அவன் பதறிப்போனான். "ஐயோ, கோவிச்சுக்காதீங்கக்கா. அண்ணன் நெனப்புலயே போட்டுட்டேன் லா."

நாலு வெள்ளியைக் கையில் வைத்தான். பஸ்ஸில் உட்கார்ந்துதான் வந்தேன். முட்டி வலிக்கவில்லை. அழுகைதான் வந்தது.

பஸ்ஸுக்குப் போக மீந்த சில்லறை பர்ஸில் அப்படியே கிடக்கிறது. எடுத்துச் செலவழிக்க மனசு வரவில்லை. அந்தத் தம்பி நல்லவன், இனிமேல் உங்கள் நினைப்பில் பெட்டியில் போட்டுவிட மாட்டான். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சரியாக எண்ணிக் கொடுத்துவிடுவான்.