‘கட்’ என்றால் எழுந்துவிடும் அப்பாவுக்கு

எத்தனை படத்தில் செத்தாலும் வீடு திரும்பிய என் அப்பாவுக்கு,

பொன்னிக்குக் காய்ச்சல் விடவில்லை. உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் படத்தைப் பார்க்கப் போய் வந்த காய்ச்சல் இது.

நீங்கள் போன பிறகுதான் அந்தப் படம் முள்ளுக்குறிச்சிக் கொட்டகைக்கு வந்தது. நீங்கள் வாய் திறந்து பேசிய ஒரே படம். "மன்னா, கோட்டை விழுந்தது!" என்று சொல்லிவிட்டு முதுகில் அம்போடு சாய்வீர்களே, அது. மற்றதிலெல்லாம் காவல்காரன், இல்லாவிட்டால் பிணம். சேலத்து ஸ்டுடியோவுக்குப் புறப்படும்போதெல்லாம் அம்மா கேட்பாள்: "ஏனுங்க, இந்தப் படத்துலயாச்சும் உசுரோட இருப்பீங்களா?" "சாவறதுக்குத்தான் புள்ள கூலி குடுக்கறாங்க" என்பீர்கள். அந்தக் கூலியில்தான் நான் காலேஜ் படித்தேன்.

பேத்திக்கு ஏனப்பா அந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தீர்கள்? பலா மரத்தடியில் மூச்சை அடக்கிக்கொண்டு விழுந்து கிடப்பீர்கள். டைரக்டரைப் போல அவள் "கட்!" என்றால்தான் எழுவீர்கள். உங்களைப் பாடையில் வைத்தபோதும் அவள் கத்தினாள்: "கட், அப்புச்சி! கட்!" தூக்க வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கொட்டகையில் நீங்கள் விழுந்ததும், "நம்ம வளப்பூரு ஆளு காலி!" என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். பொன்னி மணலில் எழுந்து நின்று "கட்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அதற்குள் திரையில் அரண்மனை வந்துவிட்டது. நீங்கள் எழுந்ததை யாரும் காட்டவில்லை.

மழையில் வளப்பூருக்கு மலை ஏறினோம். என் தோளில் கிடந்தபடி வழியெல்லாம் ஒரே பேச்சு. "அப்புச்சிக்குக் கேக்கலம்மா. இன்னும் சத்தமாச் சொல்லோணும்." வீடு சேருவதற்குள் உடம்பு கொதித்தது. காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை வாங்க உங்கள் மாப்பிள்ளை மறுபடியும் கீழே இறங்கியிருக்கிறார். மழை விடவில்லை.

நேற்று அனத்திக்கொண்டே கண்ணை மூடினாள். "அம்மா, நீ கட் சொல்லு. எந்திரிச்சர்றேன்."

சொன்னேன், அப்பா. அவள் எழவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். "வேண்டாஞ் சாமி, அந்தப் பேச்சே வேண்டாம்." வெகு நேரம் கழித்து குழந்தையின் விரல் மட்டும் அசைந்தது.

அடக்கிய மூச்சை எப்போது விடவேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. இவளுக்குத் தெரியுமா? இத்தனை படித்தும் நான் அவள் நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இனி அந்தச் சொல் என் வாயில் வராது. பொன்னி என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவள் எழுந்து நடக்கட்டும். உங்களைப் புதைத்த இடத்துக்கு நானே கூட்டிப்போய், அப்புச்சிக்கு இனிமேல் கேட்காது என்று சொல்லிவிடுகிறேன்.

அதுவரை நீங்கள் அவளைக் கூப்பிட்டுவிடாதீர்கள், அப்பா.

உங்கள் மகள்,
பொன்னியின் அம்மா