ஜீப்பைத் தூக்கிய அம்பாப் பாட்டு

கண்ணியமிக்க வாப்பாவுக்கு மகன் றுஸைக்கின் ஸலாம். முழங்கால் நோவு எப்படி? உம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாவா?

வெள்ளிக்கிழமை இங்கே எங்கள் ஜீப் ஓட்டும் கிளப் பாலைவனத்துக்குப் போனபோது ஒரு ஜீப் மணல்மேட்டில் உருண்டுவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. கயிறு கட்டி, ஆளுக்கொரு நேரம் இழுத்தார்கள், அது அசையவில்லை. நம்ம ஊர் கண்டக்குழியில் கரைவலை இழுக்கையில், "பாடாம இழுத்தா வலை வருமாடா மகன்?" என்று ஏசுவீர்களே, அது ஞாபகம் வந்தது. நான் ஓரமாக உட்கார்ந்து உங்கள் அம்பாப் பாட்டைப் பாடினேன். அரபிகளும் "ஏலேலோ" என்று சேர்ந்து இழுக்க, ஜீப் நிமிர்ந்துவிட்டது! இரண்டாம் அடிதான் மறந்துபோனது. நீங்கள் சொல்ல, இதை வாசிக்கும் தங்கச்சி றிஷ்னா எழுதி அனுப்பட்டும்.

றிஷ்னா, இதற்குமேல் உரக்க வாசிக்காதே. ஜீப்பை ஓட்டியது நான்தான். வலது கை முறிந்துவிட்டது. கடிதத்தை உம்மாவிடம் கொடுக்காதே. கோணல் எழுத்தைப் பார்த்தே, இடது கையால் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவா.