வெள்ளிமலைக்கு நான் தனியாகப் போன கதை

அன்பு மகள் தனுஷாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உங்கம்மாவும் வயலில் கரும்பும் நலம், என் இடது முட்டி மட்டும் அவ்வளவு நலமில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நம் வாசலிலேயே, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, பைக்கோடு விழுந்தேன். முழுக்கதையையும் போனில் சொன்னால் உங்கம்மா காதில் விழும், அதனால்தான் நீ லக்னோவில் தங்கப்போகும் உன் சிநேகிதி ஃபரீன் வீட்டு விலாசத்துக்கு இந்தக் கடிதம்.

அமிர்தசரஸிலிருந்து பாட்னா வரை தனியாக பைக்கில் போகிறேன் என்று நீ கிளம்பிய நாளிலிருந்து உங்கம்மா உன் போனை எடுக்கவில்லை அல்லவா, பாய்ச்சல் எல்லாம் என் மேல்தான். “பொண்ணு ஒண்டியா போய்க்கினு இருக்குது, ஒங்களுக்கு இன்னா சிரிப்பு வேண்டிக்கெடக்குது” என்றாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இதென்ன பெரிய வித்தை, நானே வெள்ளிமலைக்குத் தனியாகப் போய்வந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டாள். நான் நல்லபடியாகத் திரும்பினால் உன்னோடு பேசுவாளாம், ஒரு கீறல் பட்டாலும் நீ லக்னோவில் வண்டியை ரயிலில் ஏற்றிவிட்டு வீடு வந்து சேரவேண்டுமாம்.

கிளம்பும்போது சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். பழத்தைச் சக்கரம் நசுக்கியது, நசுங்கிய பழத்தில் என் செருப்புக்கால் வழுக்கியது, அப்புறம் நான் மண்ணில். எதிர்வீட்டுப் பூமாலை, “அண்ணன் வெள்ளிமல போய்ச் சேந்துட்டாரு டோய்” என்று கத்தினான். முட்டியில் ரத்தம். போச்சு உன் பாட்னா என்று நினைத்தேன். உங்கம்மாவோ மஞ்சளை அப்பிவிட்டு, “வண்டி இன்னும் தெருவையே தாண்டல, இது கணக்குல வராது, ஏறுங்க” என்றாள்.

அப்புறம் பார்க்கவேண்டுமே, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினேன், வளைவுக்கு வளைவு குரங்குகள் எழுந்து வழிவிட்டன. வெள்ளிமலை டீக்கடையில் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு, எங்கிருந்து வர்றீங்க என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன், ஒருத்தரும் கேட்கவில்லை. சாயங்காலம் வாசலில் ராஜா மாதிரி வந்து இறங்கினேன். உங்கம்மா என்னையும் வண்டியையும் சுற்றிச்சுற்றிப் பார்த்தாள். நேற்று உனக்குப் போன் போட்டு, வேளைக்குச் சாப்பிட்டியா என்று அரைமணி நேரம் திட்டினாளே, அது இப்படி வந்ததுதான்.

டிராக்டர்காரன் கை காட்டாமல் திரும்புவான், அது எந்த ஊரிலும் அப்படித்தான், பார்த்துப் போ. இருட்டுவதற்குள் அறை பிடித்துவிடு. அம்மாவுக்கு தினம் ஒரு போன் மறக்காதே, எனக்குத் தனியாக வேண்டாம், பக்கத்தில்தான் காதை வைத்திருப்பேன். போகிற ரோடெல்லாம் உனக்கு நல்ல ரோடாக இருக்கட்டும் கண்ணு.

உன் அப்பா,
தீனதயாளன்,
கச்சிராயபாளையம்.

பி.கு.: இறங்கும்போது அந்த வளைவுகளைப் பார்த்துப் பயந்துபோய், நம்ம ஊர் மாயவனின் மரவள்ளிக்கிழங்கு லாரியில் வண்டியை ஏற்றிக் கட்டி, அணை வரைக்கும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தேன். கட்டிய கயிற்றை ஹேண்டில்பாரிலிருந்து அவிழ்க்க மறந்துவிட்டேன். அந்தக் கயிற்றில்தான் இப்போது உங்கம்மா துணி காயப்போடுகிறாள். கயிறு ஏது என்று மட்டும் இதுவரை கேட்கவில்லை.