ஆண்டாயி வக்கீல் பார்த்த கதை

பெரம்பலூர்,
புதன்கிழமை.

அன்பு மக வெற்றிச்செல்விக்கு, அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் சொகமா இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த டப்ளின் குளிர்ல சளி புடிக்காம இருந்தா அதுவே போதும். போன்ல சொல்லலாம்தான், நீ ஸ்பீக்கர்ல போட்டுட்டு பாத்திரம் கழுவுவ, பாதிக் கதை தண்ணியோட போயிடும். அதான் லெட்டர், உக்காந்து படி.

அரியலூர்ல சட்ட உதவி வக்கீல் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன்ல, ஆர்டர் வந்துடுச்சு. வக்கீல் வைக்க வசதியில்லாதவங்களுக்காக அரசாங்கச் சம்பளத்துல நான் வாதாடணும். அம்பத்தி நாலு வயசுல இது எதுக்குன்னு முகத்தச் சுளிக்காத. போன வருஷம் ஆலத்தியூர் பக்கத்து ஆளு ஒருத்தன், சைக்கிள் திருடினான்னு புடிச்சாங்க, ஜாமீன் கேக்க நாதியில்லாம எழுபது நாள் உள்ள கெடந்தான். அதக் கேட்ட அன்னிக்கு எனக்கு சோறு எறங்கலடி. அதுலேருந்துதான் இந்த வேலை வேணும்னு மனசு அடிச்சுக்கிச்சு. ஆனா சொந்தக் கேஸு ஒண்ணுகூட கையில இருக்கக்கூடாதாம், திங்கக்கிழமை சேரலன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுமாம். நாப்பத்தி ரெண்டு கேஸக் கட்சிக்காரங்ககிட்ட பேசி வேற வக்கீலுங்களுக்கு மாத்தி விட்டேன். ஒண்ணே ஒண்ணு நின்னு போச்சு, எறையூர் ஆண்டாயி கேஸு.

கரும்புக் கொல்லைக்குப் போற வண்டிப்பாதைய கொழுந்தன் ராசாங்கம் அடைச்சுட்டாருன்னு அந்தம்மா போட்ட கேஸு, பதினோரு வருஷமா நடக்குது. வேற வக்கீலுக்கு மாத்துற புது வக்காலத்துல கைநாட்டு வைங்கன்னா மாட்டேங்குது. சரி, உங்களுக்குப் புடிச்ச வக்கீல நீங்களே பாத்துக்கங்கன்னு வாய விட்டேன். மறுநாள் வெத்தலை பாக்கோட வந்து, பொண்ணு பாக்குற கணக்கா ஆரம்பிச்சுடுச்சு. ஒருத்தர நடந்து காட்டச் சொல்லுச்சு. இன்னொருத்தருக்குக் குரல் பத்தலயாம், அவர் கத்திக் காட்ட, கீழ ஜெராக்ஸ் கடைக்காரர் சண்டைன்னு நெனச்சு ஓடியாந்துட்டார். என் ஜூனியர் சத்யப்பிரியாவக் காட்டினேன். சிரிச்ச முகமா இருக்கு, எங்க ராசாங்கம் ஒரு மொறை மொறைச்சா அழுதுடும், வேணாம்னுடுச்சு. எனக்கு தலைய சுவத்துல முட்டிக்கலாம்போல இருந்துச்சு.

சனிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் இதே கூத்து. அப்ப ராசாங்கமே மாடியேறி வராரு. நான் தொலையப் போறேன்னு கேள்விப்பட்டு எறையூர் டீக்கடையில ஊருக்கே ஜிலேபி வாங்கிக் குடுத்த மனுஷன். அண்ணி அடம்புடிச்சா நான் போகாம நின்னுடுவேனோன்னு பயம் வந்துடுச்சுபோல. எதிர்க்கட்சிக்காரர்கிட்ட நான் பேசமாட்டேன், உங்க வக்கீலோட வாங்கன்னேன். உங்ககிட்ட யாரு பேச வந்தா, எங்க அண்ணிகிட்ட வந்தேன்னு ஆண்டாயி முன்னால போய் நின்னாரு. அண்ணி, இந்தப் புள்ளயவா வேணாங்குறீங்க, போன தையில இந்தம்மா வரலன்னு இதுதான் என்னையக் கூண்டுல ஏத்திச்சு, சிரிச்சுக்கிட்டே கேட்டுச்சா, பாதை இருந்தது உண்மைதான்னு பாதி ஒத்துக்கிட்டேன், வூட்டுக்குப் போறதுக்குள்ள மயக்கம் வந்து ரெண்டு நாள் ட்ரிப்ஸ் ஏத்தினாங்க, இதவிட ஒங்களுக்கு என்ன வேணும்னு ஒரே மூச்சுல கொட்டிட்டாரு. ஆண்டாயி ஒடனே மைப்பெட்டியத் தானே இழுத்து, பெருவிரல அழுத்தி வச்சுச்சு. மை காயறப்பதான் ராசாங்கத்துக்கு உறைச்சுது, யார அனுப்பி யார வரவழைச்சிருக்கோம்னு. தண்ணி கேட்டாரு. சத்யப்பிரியா சிரிச்சுக்கிட்டே கொண்டாந்து நீட்டினா, வாங்கினவரு குடிக்கல.

எல்லாரும் போனப்புறம் காலி அலமாரியப் பாத்துக் கொஞ்சம் அழுதேன், அப்பாகிட்ட சொல்லிடாத. உங்க பாஸ்போர்ட் தேதி முடியப்போவுது, இந்த வாரமே புதுப்பிக்க எழுதிப் போடு, அம்மாவா சொன்னா கேக்கமாட்ட, வக்கீலா சொல்றேன். ரெண்டு பேரும் நோய்நொடியில்லாம, சண்டை போட்டாலும் அன்னிக்கே பேசிக்கிட்டு, நல்லாருங்க.

திங்கக்கிழமை சேர்ந்துட்டேன். மொதக் கேஸுக்குக் கூப்பிட்டாங்க, மீன்சுருட்டி ஊர்ப் பொண்ணு ஒருத்தி, கூண்டுல நடுங்கிக்கிட்டு நிக்குறா. உனக்கு வக்கீல் இருக்காங்களாம்மான்னு ஜட்ஜ் கேட்டாரு. யாரும் இல்லைங்கன்னா. அட பாவமே, யாராச்சும் எந்திரிங்களேன்னு நானும் சுத்திமுத்திப் பாக்குறேன். அப்பறம்தான் ஞாபகம் வந்து எந்திரிச்சேன்.

இப்படிக்கு,
அரியலூருக்கு தினம் பஸ் ஏறும் உன் அம்மா
தேவயானி