செத்த ஜீனும் முள்மயிர் எலியும்

9 ஆகஸ்ட் 1994

பேராசிரியர் சௌந்தரபாண்டியன் இன்று ஆய்வகத்தில் எல்லோர் முன்பும் என்னிடம் சொன்னார்: "செத்த ஜீன வச்சு எலிக்கு வம்சாவளி எழுதப் போறியாம்மா? முள்மயிர் எலி தனிக் கிளை. வேலை செய்யுற ஜீன எடு. இல்லேன்னா டிசம்பருக்கப்புறம் உன் உதவித்தொகைப் படிவத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மாற்ற மாட்டேன். வேலை செய்யும் மரபணு பிழைப்புக்கு ஏற்றபடி மாறும், ஆளை ஏமாற்றும். சார் செத்த ஜீன் என்கிற போலி மரபணு எதற்கும் உதவாத உடைந்த நகல். இரண்டு வகை எலிகளில் அது ஒரே இடத்தில் செருகியிருந்தால் இரண்டுக்கும் பாட்டன் ஒருவன்தான். இரண்டு சேலையில் ஒரே இடத்தில் இழை பிசகியிருந்தால் ஒரே தறியில் நெய்தது என்று அப்பா எங்கள் ஜவுளிக்கடையில் ஒதுக்கி வைக்கிறாரே, அதேதான்.

15 செப்டம்பர்

எம்.ரெட்டியபட்டி. குருவம்மாள் அக்காவின் பருத்திக் காட்டில், வாசலில் சரளைக்கல் குவித்த வளைகள். முள்மயிர் எலி நான்கு. வரப்பில் வயல் சுண்டெலியும் கிடைத்தது.

"எலிக்குச் சொந்தம் தேடுறியாக்கும். ஒனக்கு ஒரு மாப்பிள்ளையத் தேடச் சொல்லு ஒங்க வீட்டுல" என்றார் அக்கா.

"அவுக தேடட்டும்க்கா. எனக்கு எலி போதும்."

மதுரைப் பல்கலைக்கழகத்தில் ஸ்டிரைக், ஆய்வகம் பூட்டு. மரபணு எடுக்க எலிகளின் ஈரல்களை ஸ்பிரிட்டில் போட்டு வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

17 செப்டம்பர்

புரட்டாசி முதல் சனி. நான் குளித்து வருவதற்குள் அம்மா ஃப்ரிட்ஜைக் கழுவி முடித்திருந்தாள். பாட்டில்கள் காலி.

"பெருமாளுக்குப் படைக்கிற வீட்டுல ஈரல வைப்பியா? சாக்கடையில கொட்டிட்டேன்."

கத்தினேன். அழுதேன். யார் மேல கோபம் — அம்மா மேலயா, அதைக் கொண்டுபோய் அங்க வச்ச என் மேலயா? மழை விழுந்துட்டா வளையெல்லாம் மூடிப்போகுமே.

18 செப்டம்பர்

அழுதது போதும். மறுபடி ரெட்டியபட்டிக்கு, முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.

4 அக்டோபர்

இத்தனை அலைச்சலுக்கு முள்மயிர் எலி ஒன்றே ஒன்று, கூடவே ஒரு வயல் சுண்டெலி. இந்த முறை ஐஸ் பெட்டியோடு நேரே மதுரை பஸ். "என்னம்மா, பெட்டியில மீனா?" என்றார் கண்டக்டர். "இல்லண்ணே, எலி." பக்கத்து சீட் காலியானது. வசதியாகக் கால் நீட்டிக்கொண்டேன்.

29 நவம்பர்

இருக்கிறது! வயல் சுண்டெலியிலும் முள்மயிர் எலியிலும் அந்தப் போலி மரபணு ஒரே இடத்தில்; இரண்டுக்கும் ஒரே பாட்டன். ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் கடைக் கிட்டங்கியில் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே பிடித்த வேறு வகை எலியில் அந்த இடம் வெறும் இடம். சோதனையை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன், மாறவில்லை. சார் சோதனைப் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார். பிறகு டீ குடிக்கப் போனார்.

10 பிப்ரவரி 1995

கருத்தரங்கம். வெளியூர்ப் பேராசிரியர்கள் நிறைய. சார் மேடையில், நான் ஸ்லைடு மாற்றும் இடத்தில். "செத்த ஜீன்தான் பேசும்னு நாங்க ஆரம்பத்துலேருந்தே நம்பினோம்" என்றார். முடிவில், கேள்வி உண்டா என்றார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"சார், அந்த 'நாங்க'வுல நீங்க எப்ப சேந்தீங்க?"

அரங்கம் சிரித்து அடங்க நேரமாயிற்று. சார் கடைசியாகச் சிரித்தார். சாயங்காலம் நான் கேட்காமலே உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.